ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் தங்கம் போச்சு!

தில்லி லக்ஷ்மிபாய் நகர்க்காரர்களே, கிளம்புங்கள்! தில்லி ஹாட் – ஐ.என்.ஏ. நிலையத்தில் பிங்க் லைன் மெட்ரோவைப் பிடித்தால் வண்டி மாறாமல் கர்க்கர்டூமா போய்ச் சேரலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் யமுனா விளையாட்டு வளாகம். 2010 காமன்வெல்த் போட்டியின் வில்வித்தை நடந்த இடம். 2025 அக்டோபரில் முதல் ஆர்ச்சரி பிரீமியர் லீக் விளக்கொளியில் ஜொலித்ததும் இங்கேதான். நம் தமிழ்நாட்டுப் பெயரைச் சுமந்து ‘சோழா சீஃப்ஸ்’ அணியும் களத்தில் நின்றது!

கூட்டம் அம்பைப் பார்த்துக் கைதட்டும். நாம் பார்க்கப்போவது வேறு. வில்லாளி நிற்கும் கோட்டுக்குப் பின்பக்கம், ஸ்பானரும் ஆறுமூலைச் சாவியும் பரப்பி வைத்த மேசை. அங்கே, வில்லின் கைப்பிடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ‘சைட்’ என்ற சின்னக் கருவிக்குத்தான் ராஜ மரியாதை.

வேட்டைக்குப் பிறந்தது, பதக்கத்துக்கு வளர்ந்தது

இந்தச் சைட் பொருந்தும் காம்பவுண்ட் வில், அமெரிக்காவின் மிசௌரியில் உருவானது. ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்றார். கப்பிகள் சுமையை வாங்கிக்கொள்வதால், நாணை முழுசாக இழுத்தபின் கைக்குப் பாரம் வெகுவாகக் குறையும், நிதானமாகக் குறிபார்க்கலாம். அங்கே மான் வேட்டைக்காரர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு வழியில்லை. எனவே இங்கே இந்த வில்லுக்கு ஒரே இரை, 50 மீட்டர் தள்ளி நிற்கும் காகிதம். அந்தக் காகிதத்தை நம் பிள்ளைகள் என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா? 2023 ஆகஸ்ட், பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப்: ஓஜஸ் தேவ்தாலே இறுதிப் போட்டியில் 150-க்கு 150! 17 வயது அதிதி ஸ்வாமி மகளிர் உலகச் சாம்பியன்! அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே!

எதை வாங்குவது?

மேசைக்குக் கிட்டே வாருங்கள். சைட்டில் மூன்று குடும்பங்கள். முதலாவது, நகராத பல முனைச் சைட். வட்டக் கூட்டுக்குள் மூன்று முதல் ஐந்து ஊசிமுனைகள் பச்சை, சிவப்பு, மஞ்சளாக மின்னும். மேல் முனை 20 கஜத்துக்கு, அடுத்தது 30-க்கு, அதற்கடுத்தது 40-க்கு. வேட்டை நடக்கும் நாடுகளில், விலங்கு எதிர்பாராத தூரத்தில் தலைகாட்டினால் எதையும் திருக நேரமிருக்காது. முனையை மாற்றிப் பார்த்தால் போதும். ஆனால் பதற்றத்தில் எந்த முனை எந்தத் தூரத்துக்கு என்று குழம்பவும் வாய்ப்புண்டு.

இரண்டாவது, ஒற்றை முனைச் சைட். ஒரு திருகுச் சக்கரம், அதன் ஓரத்தில் தூரம் அச்சிட்ட மெல்லிய பட்டை. 37 கஜமா? சக்கரத்தை 37-க்குக் கொண்டுவந்தால் ஆயிற்று. பார்வைக்குத் தெளிவு, குழப்பமே இல்லை. தூரம் மாறினால் கை வேலை செய்தாக வேண்டும். மூன்றாவது இரண்டும் கலந்தது: பல முனைகள், கூடவே மொத்தத்தையும் மேலும் கீழும் நகர்த்தும் சக்கரம்.

முனையின் தடிமனையும் கேட்டு வாங்குங்கள். 0.019 அங்குல முனை அந்தி வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும். ஆனால் 50 மீட்டரில் ஏறக்குறைய 3 செ.மீ. இடத்தை மறைத்துவிடும். 0.010 அங்குலம் அதில் பாதியைத்தான் மறைக்கும், வெளிச்சமும் குறைவு. பதக்கத்துக்கு எய்பவர்களோ உருப்பெருக்கும் லென்ஸ் பதித்த ஸ்கோப்பையே மாட்டுகிறார்கள். கப்பிகளில்லாத ரிகர்வ் வில்லில் அந்த லென்ஸுக்கு அனுமதியே கிடையாது.

திருகும் கலை

இனிதான் உச்சக்கட்டம்! நாணில் பதித்த ‘பீப்’ என்ற சின்னத் துளை வழியாகக் கண் பார்க்கிறது. துளையின் வட்டமும் சைட் கூட்டின் வட்டமும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். கண்ணுக்கும் முனைக்கும் இடையே 85 செ.மீ. என்று வையுங்கள். முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், 50 மீட்டரில் அம்பு கிட்டத்தட்ட 6 செ.மீ. விலகும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 8 செ.மீ.தான், நடுவிலிருந்து 6 செ.மீ. போனால் பத்து கைவிட்டுப் போயிற்று! அதனால்தான் நல்ல சைட்டில் திருகும்போது ‘டிக், டிக்’ என்று ஒவ்வொரு படியும் விரலில் தட்டுப்படும். வாங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு திருகிப் பாருங்கள். படி தட்டுப்படாமல் வழுக்கினால் வேண்டாம்.

திருகும் விதி ஒன்றே: அம்பு போன பக்கம் முனையும் போகட்டும். இடப்பக்கம் தைக்கிறதா, முனையை இடப்பக்கம் நகர்த்துங்கள். கீழே தைக்கிறதா, கீழே இறக்குங்கள். அடுத்த முறை அதே முனையைக் குறியில் நிறுத்த, கை தானாகவே வில்லை எதிர்ப்பக்கம் கொண்டுபோகும். ஒரே ஒரு அம்பை நம்பித் திருகாதீர்கள். மூன்று அம்புகள் கூடித் தைக்கும் இடத்தைப் பார்த்தே திருகுங்கள்.

கூட்டின் அடியில் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழி மிதக்கிறதே, அது கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டத்தின் குட்டி! வில் வலப்பக்கம் சாய்ந்தால் அம்பும் வலப்பக்கம் ஓடும். குமிழி உடனே காட்டிக்கொடுக்கும். மேட்டிலிருந்தோ பரணிலிருந்தோ கீழே எய்பவர்கள் ‘மூன்றாம் அச்சு’ திருத்தம் உள்ள சைட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். அது சரியாக இல்லாவிட்டால், சமதரையில் உண்மை சொல்லும் குமிழி சரிவில் பொய் சொல்லும்.

ஆக, விலையைப் பார்த்துச் சைட் வாங்காதீர்கள். எந்தத் தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு அவகாசத்தில் எய்யப்போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். சைட் தானே அமையும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக அரங்கேறுகிறது. தில்லியின் டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அம்பு பாயும் கணத்தைக் கேமரா காட்டிவிடும். அதற்கு முந்தைய சில விநாடிகளில் இந்திய வீரர்களின் விரல்கள் அந்தச் சக்கரத்தை எத்தனை படி திருகுகின்றன என்று நீங்கள் எண்ணுங்கள். பதக்கம் எந்தப் பக்கம் என்று மற்றவர்களுக்கு முன்பே உங்களுக்குப் பிடிபடும்!