கிணற்றுக்குள் ஒரு பானை

உங்கள் வீட்டுக் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறதா? சந்தோஷம். ஆனால் அதை நம்பி ஒரு டம்ளர் மொண்டு குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள்! டைபாய்டு, காலரா, காமாலை இவற்றின் கிருமிகள் தண்ணீரைக் கலக்குவதுமில்லை, நிறத்தை மாற்றுவதுமில்லை. பக்கத்திலுள்ள கழிவுநீர்த் தொட்டி கசிந்தாலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கக்கூடும்.

இதற்காகத்தான் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். எப்படிப் போடுகிறோம்? கைக்கு வந்ததை அள்ளி வீசுகிறோம்! அன்றைக்குத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. இரண்டு நாள் கழித்து மருந்தின் சுவடே இராது. கிருமிக்கு அது போதுமே.

நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து இறங்க ஒரு வழி உண்டு. நாகபுரியில் 1958-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் (இன்று 'நீரி' என்கிறார்கள்) வகுத்துக் கொடுத்த இரட்டைப் பானை முறை அது. வேண்டியவை இரண்டு மண் பானைகள். வெளிப்பானை 30 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் அடங்கும்படி இன்னொன்று. தட்டிப் பார்த்து வாங்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா, என்ன? ஒவ்வொன்றிலும் ஒரு சென்டிமீட்டர் துளை வேண்டும். உள்பானையில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பானையில் அடியிலிருந்து 4 சென்டிமீட்டர் மேலே. குயவரிடமே சொல்லிப் பச்சை மண்ணாக இருக்கும்போது துளைத்து வாங்குவது உத்தமம்.

ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரை இரண்டு கிலோ பெருமணலுடன் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, உள்பானையில் துளைக்கு 3 சென்டிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். அதை வெளிப்பானைக்குள் இறக்கி, வெளிப்பானையின் வாயைப் பாலிதீன் தாளால் கட்டி, நைலான் கயிற்றில் கிணற்றுக்குள் விடுங்கள். நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டராவது கீழே தொங்கட்டும். இல்லாவிட்டால் வாளி இடித்து உடைத்துவிடும். இரண்டு துளைகளையும் கடந்து வரவேண்டியிருப்பதால் மருந்து மெல்ல மெல்லத்தான் கசியும்.

சுமார் 4500 லிட்டர் தண்ணீர் உள்ள கிணற்றில், தினம் 360 முதல் 450 லிட்டர் வரை இறைத்தால், இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் தண்ணீரும் உள்ள உறைக்கிணறு ஏறக்குறைய இந்த அளவுதான். மோட்டார் போட்டுத் தொட்டி தொட்டியாக ஏற்றுகிற வீடா? பானையை நம்பாதீர்கள். மேல்தொட்டியிலேயே 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் போடுங்கள். அதுவும் பவுடராக அல்ல. குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்கலாம். இரவில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பவுடர் வாங்கும்போது கவனம்! புதிதாக இருக்கையில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் வீரியம் போய்விடும். திறந்த மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் விஷவாயு உயிருக்கே ஆபத்து.

மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சிறு சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் சரி. கலங்கல் தண்ணீரில் மருந்தை அழுக்கே தின்றுவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நடந்ததுபோல் கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்தால், முதலில் இறைத்துச் சுத்தம் செய்யாமல் பானையைத் தொங்கவிட்டுப் பயனில்லை. உப்பையும் கடினத்தையும் குளோரின் நீக்காது. கைக்குழந்தைக்கு எப்போதும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான்.

"காப்பியில் மருந்து வாசனை வருகிறதே!" என்று மாமியார் முகம் சுளிப்பார். வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீரை மெல்லிய துணியால் மூடிச் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு கொதிக்கவிட்டு டிக்காஷன் இறக்கிக் கொடுத்துப் பாருங்கள்.