கடைசி ஆல்பம்னா நிஜமாவே கடைசியா?

2024 தொடக்கத்தில் எம்.சி. ஸ்டான் இன்ஸ்டாவில் ஒரு வரி போட்டார்: ராப்பை விடப்போறேன்னு. புனேக்காரர், அதுக்கு முந்தின வருஷம்தான் இந்தி பிக்பாஸ் 16-ஐ ஜெயிச்சவர், வயசு இருபதுகளில். இப்படி ஒரு செய்தி உங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தா அடுத்த மெசேஜ் என்னவா இருக்கும்? "போறதுக்கு முன்னாடி ஒரு ஆல்பம் விடுவாரா?" அதானே?

இந்த எதிர்பார்ப்பை நமக்குப் பழக்கிவிட்டதில் பெரிய பங்கு ஜே-ஸீக்கு உண்டு. 2003 நவம்பரில் 'தி பிளாக் ஆல்பம்' வந்தது, இதுதான் கடைசின்னு சொல்லி. அதே மாசம் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வழியனுப்பு கச்சேரியும் நடந்தது. அதோட விடலை. இசை இல்லாம வெறும் குரல் மட்டும் இருக்கிற பதிப்பையும் வெளியிட்டாங்க, யார் வேணா ரீமிக்ஸ் பண்ணிக்கலாம்னு. டேஞ்சர் மவுஸ் அந்தக் குரலை பீட்டில்ஸ் இசையோட கலந்து 2004-ல் 'தி கிரே ஆல்பம்' செஞ்சது அப்படித்தான். விடைபெறுதலையே இவ்வளவு அழகா ஒரு புராடக்ட் ஆக்கினவர் வேற யாரும் இல்லைன்னு நினைக்கிறேன்.

ஆனா மூணே வருஷம். 2006-ல் 'கிங்டம் கம்' ஆல்பத்தோட திரும்பி வந்தார். பின்னாடி தன் ஆல்பங்களை அவரே வரிசைப்படுத்தினப்போ அதைத்தான் கடைசி இடத்தில் வெச்சார்! லாஜிக் கதையும் இதேதான். குழந்தையைப் பார்த்துக்கணும்னு 2020-ல் 'நோ பிரஷர்' வெளியிட்டு ஓய்வுன்னார், அடுத்த வருஷமே திரும்பிட்டார்.

ஏமாத்தறாங்கன்னு திட்டாதீங்க. ராப்பர் "ரிட்டயர்ட்"னு சொல்றப்போ பெரும்பாலும் பாட்டை விடறதில்லை. ஆல்பம், விளம்பரம், டூர், மறுபடி ஆல்பம்னு சுத்தற சக்கரத்திலிருந்துதான் இறங்கறாங்க. கொஞ்சம் மூச்சு விட்டதும் கை தானா பேனாவைத் தேடும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே சிக்கலே வேற. இறங்கறதுக்கு அந்தச் சக்கரமே கிடையாது.

யோகி பி-யை எடுத்துக்கோங்க. மலேசியாக்காரர். யோகி பி அண்ட் நட்சத்திரா பேரில் 2006-ல் வந்த 'வல்லவன்', அதில் இருந்த 'மடை திறந்து' இல்லாம தமிழ் ராப் வரலாறு எழுத முடியாது. அதுக்கப்புறம் நமக்கு அவர் அதிகமா கிடைச்சது சினிமாவில்தான்: 'பொல்லாதவன்', 'விவேகம்' படத்தின் 'சர்வைவா', 2025-ல் 'விடாமுயற்சி'யின் 'பத்திக்கிச்சு'. எல்லாமே கெத்து, ஆனா ஹீரோ நடந்து வர்றதுக்கான கெத்து. யோகேஸ்வரன் என்கிற மனுஷன் ஐம்பது வயசைத் தாண்டி இப்போ என்ன யோசிக்கிறார்னு அதில் தெரியாது. படத்தோட சிச்சுவேஷன் அதுக்கு இடம் தராது.

ஆல்பம் மட்டும்தான் இடம் தரும். ஆனா அதுக்கு பீட், மிக்சிங், மாஸ்டரிங், வீடியோன்னு எல்லாத்துக்கும் முதலில் கைக்காசு போடணும். பாட்டு ஹிட் ஆனாலும் காசு வரும்னு உத்தரவாதம் இல்லை. 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-ல் உலகம் பூரா ஓடுச்சு. அந்தப் பாட்டால் தனக்கும் தீக்கும் அறிவுக்கும் எந்த வருமானமும் வரலைன்னு சந்தோஷ் நாராயணன் 2024-ல் வீடியோ போட்டே சொன்னார். இதைக் கேட்டும் ஒருத்தர் ராப்பை விடாம இருக்கார்னா அதுதான் ஆச்சரியம்.

அறிவு விடலை. 2019-ல் ஆஃப்ரோவோட 'தெருக்குரல்', 2024-ல் 'வள்ளியம்மா பேராண்டி'. அரக்கோணத்துக்காரர். பட்டாபிராமில் நாம ஏறுற லோக்கல் போற அதே லைன்தான் (ஜன்னல் சீட்டு கிடைக்காத அதே லைன்). தன் பாட்டி பேரில் ஒரு முழு ஆல்பம் போடணும்னு எந்த சினிமா புரொடியூசர் கேட்டிருப்பார் சொல்லுங்க?

யோகி பி ஓய்வு அறிவிச்சிட்டார்னு யாரும் புரளி கிளப்பிடாதீங்க, என் ஆசையைத்தான் சொல்றேன். அறிவிப்பு எதுவும் இல்லாமலே, கடைசின்னு பேர் வைக்காமலே, ஹீரோ இல்லாத ஒரு முழு ஆல்பம் அவர்கிட்ட இருந்து வேணும். அது வர்ற வரைக்கும் 'வல்லவன்' இருக்கு. நாளைக்குக் காலையில் டிரெயின் ஏறினதும் ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டு, முதல் பாட்டிலிருந்து வரிசையா கேட்டுட்டு வாங்க.