ஈரக் கரண்டி பட்ட ஏரி

வடாலாவில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சிவ்ரி. குளிர் விட்டு வெயில் ஏறும் மாதங்களில், கடல் பின்வாங்கும் நேரம் பார்த்து அங்கே போனால், சேற்றில் பூநாரைகள் அலகைத் தலைகீழாக வைத்து மேய்வதைப் பார்க்கலாம். அண்டாப் ஹில் பக்கம் வசிக்கும் வாசகர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “ராஜஸ்தான் சாம்பர் ஏரியில் பறவைகள் கொத்துக் கொத்தாகச் செத்தனவே, ஏரி வற்றி உப்பு ஏறியதால்தானே? நம் சிவ்ரிக்கும் அந்தக் கதி வருமா?”

நல்ல கேள்வி. ஆனால் அதற்குள்ளேயே ஒரு தவறான பதில் ஒளிந்திருக்கிறது. சாம்பர் வற்றிக் கிடந்த ஆண்டுகளில் அங்கே அப்படியொரு சாவு விழவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு நல்ல மழை பெய்து, ஏரி தளும்பி, எல்லோரும் மகிழ்ந்த 2019ல்தான் விழுந்தது.

சாம்பர், ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது. இந்தியாவின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரி. முழுதாக நிறைந்தால் 200 சதுர கிலோமீட்டருக்குக் குறையாது. கொலாபாவிலிருந்து சயான், மாஹிம் வரையுள்ள தீவு நகரத்தை மூன்று முறை உள்ளே போடலாம். பரப்புதான் இவ்வளவு, ஆழம் ஒன்றுமில்லை. மழைக்குப் பின் அதிகம் போனால் 3 மீட்டர், கோடையில் முழங்கால் நனைந்தால் அதிகம். மேந்தா, ரூபன்கர் போன்ற மழைக்கால ஆறுகள் வந்து சேர்கின்றன. வெளியே போக வழி கிடையாது. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். 1990ல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டம் ஏரிக்கு ஒரு குடம் தண்ணீரைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவரவில்லை.

வரலாறு கொஞ்சமாவது சொல்லாவிட்டால் ஆசிரியர் கோபிப்பார். அக்பருக்கும் ஆம்பேர் இளவரசிக்கும் 1562ல் திருமணம் நடந்த ஊர் இந்த சாம்பர். ஜெய்ப்பூரும் ஜோத்பூரும் கூட்டாக ஆண்ட ஏரியை 1870ல் ஆங்கிலேயர் குத்தகைக்கு எடுத்தனர். உப்பு வரி தப்பிவிடக் கூடாதென்று நாட்டின் குறுக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் சுங்கக் கோடு போட்டு, அதில் கணிசமான தூரத்துக்கு முள்வேலியும் வளர்த்த பெருமக்கள் அவர்கள். உப்பு விளையும் இடமே கைக்கு வந்த பிறகு வேலி எதற்கு? 1879ல் அதைக் கைவிட்டார்கள். 1964 முதல் சாம்பர் சால்ட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அங்கே உப்பெடுக்கிறது. வரலாறு போதும்.

சுருங்கும் உள்நாட்டுக் கடல் என்றதும் ஏரல் கடல்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1960ல் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. பருத்தி வயல்களுக்காக அமு தாரியா, சிர் தாரியா இரண்டையும் திருப்பிவிட்டார்கள். 2014ல் அதன் தெற்குப் பகுதியின் கிழக்கு மடல் முழுதாகக் காய்ந்து கிடந்ததைச் செயற்கைக்கோள் படம் பிடித்தது. அங்கே குற்றவாளியைச் சுட்டுவது எளிது: மாஸ்கோவில் போட்ட திட்டம். சாம்பரில் அப்படி ஒரு ஆளைக் காட்ட முடியாது. மேலே ஆற்றுப் பாதையில் ஊருக்கு ஊர் தடுப்பணைகள். ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் நல்ல காரியம்தான். நிலத்தடி நீர் ஊறட்டுமே என்று கட்டியவை. கீழே ஏரிப் படுகையிலும் ஓரத்திலும் சட்டத்துக்குப் புறம்பான ஆழ்துளைக் கிணறுகள். மோட்டார் வைத்து, கிலோமீட்டர் கணக்கில் குழாய் இழுத்து, அடியிலிருக்கும் உப்புநீரை உறிஞ்சித் தனியார் பாத்திகளில் பாய்ச்சுகிறார்கள். ராஜஸ்தான் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு இது: 1970களின் தொடக்கத்தில் ஆய்வுப் பரப்பில் சுமார் 30 விழுக்காடாக இருந்த உப்பு ஈரநிலம், ஐம்பது ஆண்டுகளில் 3 விழுக்காட்டுச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது.

இந்த இடைக்காலத்தில் வந்த அறிவிப்புகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. 2013ல், உலகிலேயே பெரிய சூரிய மின் நிலையம், 4,000 மெகாவாட், சாம்பரில் வரப்போகிறது என்றார்கள். ராம்சார் ஈரநிலத்தில் கண்ணாடிப் பலகைகள்! நல்லவேளை, வரவில்லை.

இனி 2019 நவம்பர். பறவை பார்க்கப் போனவர்கள் கண்ணில்தான் முதலில் பட்டது. ஆண்டி வாத்து, பவளக்கால் உள்ளான், கோணமூக்கு உள்ளான், உப்புக்கொத்தி எனக் கரையோரம் முழுக்கப் பிணங்கள். ‘மர்மச் சாவு’ என்று தொலைக்காட்சிகள் ஒரு வாரம் ஓட்டின. விஷம் கலந்தார்கள் என்றார்கள், ஏரி நீரே நஞ்சாகிவிட்டது என்றார்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்று போபால் ஆய்வகம் சொன்னது. பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் நோயைக் கண்டுபிடித்தது: பொட்டுலிசம். இறந்தவை அரசுக் கணக்கிலேயே 18,000-க்கு மேல்.

பொட்டுலிசம் நடக்கும் விதம்தான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம். குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா சேற்றில் வித்தாக உறங்கும். பல ஆண்டுகள் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. காற்று இல்லாத இடம், இதமான வெப்பம், அழுகும் புரதம் இந்த மூன்றும் சேர்ந்தால் விழித்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். இதுவரை பாடப்புத்தகம். பறவைகளைக் கொல்லும் ‘சி’ வகையில் ஒரு வேடிக்கை உண்டு. நஞ்சு செய்வதற்கான மரபணு பாக்டீரியாவுக்குச் சொந்தமானதே இல்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைக் கொண்டுவருகிறது. ஆய்வகத்தில் அந்த வைரஸை விரட்டிவிட்டால் பாக்டீரியா சாதுவாகிவிடும். மறுபடி தொற்றவிட்டால் மறுபடி நஞ்சு. ஆக, ஏரிக்கரையில் செத்துக் கிடக்கும் வாத்தைக் கொன்றது பாக்டீரியா என்பது பாதி உண்மைதான். அந்த பாக்டீரியாவுக்குள் இன்னொருவர் குடியிருக்கிறார்.

நஞ்சு உடம்புக்குள் போனதும் நரம்பு நுனியில் உட்கார்ந்து, தசையை இயங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதித் தூது வெளியேறாமல் தடுக்கிறது. முதலில் இறக்கை, பிறகு கால். பறக்க முடியாத வாத்து இறக்கையால் துடுப்புப் போட்டு நீரில் நகரும். அடுத்து கண்ணின் மூன்றாம் இமை செயலிழக்கும். கடைசியில் கழுத்து. தலையைத் தூக்கி நிறுத்தத் தசை இல்லாமல், அரையடித் தண்ணீரில் முகம் கவிழ்ந்து மூழ்கிச் சாகிறது ஒரு நீர்ப்பறவை. (பாந்த்ரா கிளினிக்குகளில் நெற்றிச் சுருக்கம் போக்க ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அது இதே குடும்பத்தின் ‘ஏ’ வகை. விலை மட்டும்தான் வேறு என்று சொல்ல ஆசைதான், அளவும் வேறு.)

செத்த பறவையின் உள்ளே காற்றில்லை, புரதம் நிறைய. வித்து ஏற்கெனவே குடலில் இருந்திருக்கும். அங்கே பாக்டீரியா பெருகி நஞ்சு சேர்கிறது. ஈக்கள் முட்டையிட, ஒரே பிணத்தில் ஆயிரக்கணக்கில் புழுக்கள் நெளிகின்றன. அவை நஞ்சைத் தின்று கொழுக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. பசியோடு வரும் அடுத்த பறவைக்கு அந்த வெள்ளைப் புழுக்கள் விருந்து. சில புழுக்களே உயிரை வாங்கப் போதும். அந்தப் பறவை விழுந்த இடத்தில் மறுபடி ஈ, மறுபடி புழு. முதல் சாவுக்கு என்ன காரணமாக இருந்தாலும் சரி, இரண்டாவதிலிருந்து பிணமே தொழிற்சாலை. சேற்றில் பாசியை வடிகட்டித் தின்னும் பூநாரை புழுவைத் தேடிப் போவதில்லை என்பது அதற்குப் பெரிய காப்பு.

முதல் சாவு எப்படி? இங்கேதான் ஊறுகாய் ஜாடி வருகிறது. உப்பு போதுமான ஊறுகாய் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் நாலே நாளில் பூஞ்சணம். வற்றிய சாம்பர், உப்பு கூடிய ஜாடி. வித்துகள் அடியில் கிடந்தாலும் தலைதூக்க முடியாது. 2019 மழை விட்டது ஈரக் கரண்டி. ஓரங்களில் உப்பு நீர்த்தது, நீர் நீண்ட காலம் நின்றது, சிறு ஓட்டுயிரிகளும் பூச்சிப் புழுக்களும் பெருகின. மழை நின்று நீர் உள்வாங்கியபோது உப்பு மறுபடி ஏறி, நல்ல தண்ணீரில் பிறந்த அந்த உயிரிகள் செத்துக் குவிந்தன. அழுகும் புரதம் தயார். பரேலி விஞ்ஞானிகள் முன்வைத்த விளக்கமும் ஏறக்குறைய இதுதான். ஜாடி முழுதும் கெடவில்லை, கரண்டி பட்ட விளிம்புதான் கெட்டது. பறவைகள் மேய்வதும் அந்த விளிம்பில்தானே! வீட்டு ஜாடி என்றால் மேலாக வழித்துப் போட்டுவிட்டு வெயிலில் வைக்கலாம். சாம்பரில் வழித்துப் போட மாநிலப் பேரிடர் மீட்புப் படை வர வேண்டியிருந்தது. ஆனால் மூடியாக நிற்கும் எண்ணெய் ஊறுகாயைக் காப்பாற்றும், ஏரியில் காற்றை அடைக்கும் சேறோ பொட்டுலினத்தைக் காப்பாற்றும். உவமை இந்த இடத்தில் காலை வாரிவிடுகிறது.

ஆண்டுதோறும் ஓரளவு நிறைந்து ஓரளவு வற்றும் ஏரிக்கு இந்த ஆபத்து குறைவு. ஆறுகளை மறித்து, பத்திருபது ஆண்டு காயப்போட்டு, ஒரு பேய் மழையில் திடீரென நிரம்பவிட்டால் ஆபத்து கூடுகிறது. ‘ஏரி செத்துவிட்டது’, ‘ஏரி உயிர்பெற்றது’ என்று தலைப்பு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிரேட் சால்ட் லேக் ஏரியை ஒட்டிய சதுப்பில் 1910ல் லட்சக்கணக்கான வாத்துகள் மடிந்தன. அங்கும் ஆற்று நீர் வயல்களுக்குத் திருப்பப்பட்டிருந்தது. காரணம் தண்ணீரில் இருக்கும் கார உப்பு என்று எல்லோரும் நம்பினார்கள். அண்டாப் ஹில் வாசகரின் அதே ஊகம். பொட்டுலிசம் என்று தெரிய 1930 வரை ஆயிற்று. கலிபோர்னியாவின் சால்டன் கடலில் 1996ல் ஆயிரக்கணக்கான கூழைக்கடாக்கள் செத்தன. அங்கே நஞ்சைச் சுமந்தது புழு இல்லை, திலாப்பியா மீன்.

சிவ்ரிக்கு வருவோம். அங்கே ஒரு நாளைக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. சேறு கழுவப்படுகிறது, பிணம் ஒரே இடத்தில் கிடந்து ஊறுவது குறைவு. ஆகவே சாம்பர் போன்ற பெருஞ்சாவுக்கு வாய்ப்பு குறைவு. அலைநீர் வரும் வாய் அடைபட்ட இடங்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 2024ல் நவி மும்பை நெருலில் டிபிஎஸ் ஏரிக்கு அப்படித்தான் வழி அடைபட்டு, ஏரி காய்ந்து, பூநாரைகள் அல்லாடின; சில இறந்தன. வடாலா உப்பளங்களும் வரப்புக்குள் அடைபட்ட நீர்தான். மும்பையின் உப்பள நிலங்களில் பெரும்பகுதியைக் கவனிக்கும் உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் இருப்பது, சாம்பருக்குப் பக்கத்தில், ஜெய்ப்பூரில்! 2024 செப்டம்பரில் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பள நிலம் 255.9 ஏக்கரைத் தாராவி மறுகுடியமர்வு வீடுகளுக்கு ஒதுக்க மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புக்கொண்டது. தாராவிக்காரர்களுக்கு வீடு வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. அலைநீர் எங்கே போய்த் தங்கும் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டிருக்கலாம்.

பொட்டுலிசம் பரவத் தொடங்கிய பின் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான்: பிணங்களை ஈ மொய்க்கும் முன் அப்புறப்படுத்துவது. எனவே சிவ்ரியிலோ வடாலா உப்பளத்திலோ தலை தொங்கி, இறக்கை விரித்துக் கிடக்கும் பறவை ஒன்றைப் பார்த்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். மகாராஷ்டிர வனத்துறையின் இலவச எண் 1926. முதலில் அதற்குப் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் படம் போடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.