கடலுக்கு அப்பால் ஒரு சிறு கல்லூரி

பரமக்குடிப் புகைவண்டி நிலையம் அளவில் சிறியது. ஆயினும் அதற்கு ஒரு காலத்தில் தனிச் சிறப்பு இருந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற போட்மெயில் இந்நிலையத்தின் வழியாகவே சென்றது. தனுஷ்கோடியில் பயணிகள் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்குவர். அங்கே மீண்டும் புகைவண்டி ஏறுவர். 1914-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் தனுஷ்கோடி வழி, 1964 டிசம்பரில் வீசிய புயலோடு மறைந்தது. யாழ்ப்பாணத்து மக்கள் எங்கள் ஊரைக் கடந்து போவதும் வருவதுமாக இருந்த காட்சியை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் புகைவண்டி வருவதற்கு வெகு காலத்திற்கு முன்பே அந்தக் கடலைக் கடந்து ஒன்று இக்கரைக்கு வந்தது. அது ஒரு கல்விமுறை. அது முதலில் வேரூன்றிய இடம் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வட்டுக்கோட்டை. அங்கே 1823-இல் தோன்றி 1855-இல் மூடப்பட்ட ஒரு சிறு கல்லூரியைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த ஒரு கல்வி நிலையத்தைப் பற்றி இன்று ஏன் பேச வேண்டும்? அது மூடப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் இன்றும் நம் பள்ளிகளின் வாசலில் வந்து நிற்கிறது என்பதே என் விடை.

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் ஒருவகைக் கல்லூரிகள் பண்டு தொட்டு உண்டு. அவை அரசாங்கத்தால் ஏற்பட்டவை அல்ல. மக்கள் தந்த நன்கொடையால் நடப்பவை. மாணாக்கர் தொகை குறைவு. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்வர். ஒரு தொழிலுக்கென்று ஆளைத் தயாரிப்பது அவற்றின் நோக்கமன்று. மொழி, கணிதம், இயற்கை விஞ்ஞானம், வரலாறு, தருக்கம், தத்துவம் ஆகிய அனைத்திலும் ஓரளவு பழக்கி, எதையும் ஆராய்ந்து பார்க்கும் மனத்தை உண்டாக்குவதே அவற்றின் நோக்கம். இதனைப் பொதுநிலைக் கலைக்கல்வி என்று சொல்லலாம். அத்தகைய கல்லூரிகளுள் ஒன்றான டார்ட்மத் கல்லூரியில் 1811-இல் தேறியவர் டேனியல் பூர். அவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரியாராக 1816-இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழைக் கற்றுத் தமிழிலேயே சரளமாகப் பேசும் ஆற்றல் பெற்றார்.

மிஷனார் முதலில் கிராமங்களில் சிறு பள்ளிகளை ஏற்படுத்தினர். அவற்றில் தேறிய பிள்ளைகளுக்கு உயர்கல்வி தரவேண்டும் என்று 1823-இல் ஒரு திட்டம் வகுத்து அச்சிட்டனர். தமிழ் இளைஞர்களுக்கு ஒரு கல்லூரி என்பதே அத்திட்டம். ஆயினும் குடியேற்ற அரசாங்கம் கல்லூரிக்குரிய பட்டயத்தைத் தரவில்லை. ஆகவே 'செமினரி' என்ற பெயரே நிலைத்தது. பெயர் எதுவாயினும் கற்பித்தவை கல்லூரிப் பாடங்களே. அதன் பெரிய மண்டபத்திற்கு, இக்கல்வி முயற்சிக்கு ஆதரவாக இருந்த நீதிபதி சர் ரிச்சர்டு ஓட்லியின் பெயரை இட்டனர்.

அத்திட்டத்தில் வியக்கத்தக்க ஒன்று உண்டு. ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்கள் தமிழை விலக்கிவிடவில்லை. தமிழ் இலக்கணமும் தமிழ் நூல்களும் ஆங்கிலத்தோடு ஒரே பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. தக்க சிலருக்கு வடமொழியும் கற்பிக்கப்படும் என்று வகுத்தனர். தன் மொழியில் புலமையற்ற ஒருவன் சொல்வதைத் தன் மக்கள் மதிக்கமாட்டார்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இவற்றோடு கணிதமும், வானநூலும், பூகோளமும், தருக்கமும் சேர்ந்தன.

மாணாக்கர் அங்கேயே தங்கிப் படித்தனர். பலருடைய செலவை அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர் ஏற்றனர். அந்த நன்கொடையாளர் விரும்பிய பெயரே மாணவனுக்கும் இடப்பட்டது. கறல் விசுவநாத பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப் பிள்ளை என்று தமிழ்ப் பெயரோடு அயல்நாட்டுப் பெயரும் ஒட்டி நிற்பதன் காரணம் இதுவே. அன்னச் செலவுக்கு ஈடாகப் பெயரைக் கொடுப்பது நமக்கு இன்று உறுத்தலாகத்தான் இருக்கிறது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரை மாற்ற முடிந்தவர்களால் அவர்களுடைய தமிழை மாற்ற முடியவில்லை. மாற்ற முயலவும் இல்லை.

அங்கே கல்வி எவ்வாறு நடந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். அதே வட்டுக்கோட்டையில் பஞ்சாங்கம் கணிக்கும் விசுவநாத சாஸ்திரியார் என்னும் பெரியவர் இருந்தார். 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணத்திற்கு அவர் கணித்த நேரமும் அளவும் ஒன்று. பூர் கணித்தவை வேறொன்று. யார் கணக்குச் சரி என்று ஊரே காத்திருந்தது. அன்று இரவு மாணவர்கள் கடிகாரமும் கையுமாக நின்று பார்த்தனர். பூரின் கணக்கே ஒத்துவந்தது.

இதைக் கேட்டு நம்மவர் கணிதத்தை எள்ளுவது தவறு. ஏறக்குறைய அதே காலத்தில், 1825-இல், வாரன் என்பவர் தென்னிந்தியக் காலக்கணித முறைகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், ஏட்டில் ஒன்றும் எழுதாமல், தரையில் சோழிகளைப் பரப்பி வைத்தே மனப்பாட வாய்பாடுகளைக்கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் வந்த பிழை ஏறத்தாழ 4 நிமிடமே. அந்த முறை அவ்வளவு வலுவுடையது. ஆனால் ஏன் அப்படி வருகிறது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. அந்த ஏன் என்ற கேள்வியையே செமினரி கற்றுக்கொடுத்தது. பூருக்குப் பின் தலைவரான ஹொய்சிங்டன் நம் பழைய வானநூலையும் ஒதுக்கிவிடவில்லை. தமிழ்ச் சோதிடக் கணிதத்தை மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் 1848-இல் அச்சிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அந்தப் பயிற்சிதான் கலைக்கல்வியின் உயிர்.

1841-இல் 'உதயதாரகை' என்னும் இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர்களாக இருந்தவர்கள் செமினரியில் பயின்ற இளைஞர்களே. அருகேயுள்ள மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், பின்னாளில் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலமும் தமிழும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தச் சிறு நிலப்பகுதி அன்றே சான்றாயிற்று.

இத்தகைய நிலையம் ஏன் மூடப்பட்டது? அமெரிக்காவிலிருந்த தலைமைச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855-இல் நேரில் வந்து பார்வையிட்டார். அவருடைய வாதம் இது: கிராமத்துச் சபைகளுக்குப் போதகரும் ஆசிரியரும் வேண்டும், அவர்களுக்குத் தாய்மொழிக் கல்வியே போதும். இங்கே படித்தவர்களோ ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு அரசாங்க உத்தியோகத்திற்குப் போய்விடுகிறார்கள். மிஷனின் நோக்கம் நிறைவேறவில்லை, செலவோ அதிகம்.

இந்த வாதத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலம் படித்தவன் ஊரை விட்டுப் போகிறான் என்பதை நாமும் காண்கிறோம். தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சி பெற்ற நானும் ஏற்கும் கொள்கையே. ஆனால் அவர் அளந்த கோல் தவறானது. கல்லூரியில் விதைத்ததை அந்த ஆண்டே அறுத்து எண்ணிப் பார்த்தார். அவ்வாறு எண்ணியபோது கையில் ஒன்றும் இல்லாததுபோல் தோன்றியது. செமினரி அந்த ஆண்டிலேயே மூடப்பட்டது. அதே ஆண்டில் மானிப்பாயில் டேனியல் பூரும் காலமானார்.

இனி, அறுவடை எப்பொழுது வந்தது என்று பாருங்கள். செமினரி மூடப்பட்ட இரண்டு ஆண்டுகளில், 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் இருவர்: கறல் விசுவநாத பிள்ளை, சி. வை. தாமோதரம் பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் உருவானவர்கள்.

தாமோதரம் பிள்ளை சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்தவர். ஆண்டர்சன் வந்தபோது அவர் இருபத்திரண்டு வயது இளைஞர். ஆண்டர்சன் சொன்னபடியே அவரும் ஊரை விட்டு வந்தார், உத்தியோகமும் பார்த்தார். ஆனால் அவர் செய்தது அவ்வளவுதானா? செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒப்புநோக்கி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இல் அச்சேற்றினார். 1887-இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். மற்றொரு மாணவரான ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை, நானூற்றுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துப் 'பாவலர் சரித்திர தீபகம்' என 1886-இல் வெளியிட்டார். கணிதமும் தருக்கமும் பயின்ற மனம், ஏட்டுச் சுவடியின் பாடவேறுபாட்டை ஆராயும்போது எவ்வளவு துணை செய்யும் என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். விதைத்த இடம் மூடப்பட்டு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு விளைந்த விளைச்சல் இது. அதனை எந்தப் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவைக்க முடியும்?

செமினரியும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. அதில் படித்தவர்களும் யாழ்ப்பாணத்து மக்களும் ஊக்கத்தோடு முயன்றதால், அதே வட்டுக்கோட்டையில் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. வெளியிலிருந்து வந்தவர்கள் மூடியதை, அதன் பயனை நுகர்ந்தவர்கள் திறந்தார்கள்.

இக்கரையில் நிகழ்ந்தது என்ன? 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனாருள் ஹொய்சிங்டனும் ஒருவர். பூரும் சில ஆண்டுகள் மதுரையில் தங்கிப் பல பள்ளிகளைத் திறந்துவிட்டு 1841-இல் யாழ்ப்பாணம் திரும்பினார். அவர்கள் தொடங்கிய பணியின் வழியில், பசுமலையில் 1881-இல் வாஷ்பர்ன் தலைமையில் கல்லூரி உருவாயிற்று. 1904-இல் அது மதுரை நகருக்குள் வந்தது. 1909-இல் சும்ப்ரோ தலைமையில் வைகையின் வடகரையில் இன்றுள்ள இடத்தில் அமைந்தது. அதுவே மதுரை அமெரிக்கன் கல்லூரி. 1978-இல் அது தன்னாட்சி பெற்றது. இன்று அது சிறு கல்லூரியன்று. ஆயினும் சிவந்த செங்கற் கட்டடங்களும் மரநிழலும் உள்ள அந்த வளாகத்தில், நூலகத்திற்கு டேனியல் பூர் பெயரே இடப்பட்டிருக்கிறது. பட்டிமன்ற மேடைகளில் நாம் அறிந்த பேராசிரியர் சாலமன் பாப்பையா தமிழ் கற்பித்ததும் அங்கேதான். அதனருகே ஓடும் வைகையே பின்னர் எங்கள் பரமக்குடியைத் தொட்டுச் செல்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒரு நெசவாளர் மகன் படித்தான். "ஐயா, பௌர்ணமிதோறும் கிரகணம் ஏன் வருவதில்லை?" என்று ஒரு நாள் கேட்டான். பாடத்தை நிறுத்திவிட்டு, ஒரு விளக்கையும் இரண்டு பந்துகளையும் வைத்து, நிலவின் பாதை சற்றே சாய்ந்திருப்பதைக் காட்டினேன். அந்த வாரம் பார்வையிட வந்த அதிகாரி, அப்பாடம் தேர்வுக்குரியதா என்று கேட்டார், இல்லை என்றேன். எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்பதைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். அவ்வாண்டு அந்தப் பையன் தேர்வில் தவறினான். தேர்ச்சிப் பட்டியலில் அவனால் எங்களுக்கு இழப்பே.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கிரகண இரவில் அவன் தெரு வழியே நடந்துகொண்டிருந்தேன். மொட்டைமாடியில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, கையில் ஒரு டார்ச்சு விளக்கும் ஒரு நூற்கண்டுமாக அவன் விளக்கிக்கொண்டிருந்தான். தறியில் நெய்கிறவன்தான், ஆனால் ஏன் என்ற கேள்வியை அவன் கைவிடவில்லை. நான் கீழே நின்று சிறிது நேரம் கேட்டுவிட்டு, அவனை அழைக்காமலே வீடு திரும்பினேன்.

தேர்ச்சி விழுக்காடும் வேண்டும், உத்தியோகமும் வேண்டும். வயிற்றை மறந்து கல்வி பேசுவது நேர்மையாகாது. ஆனால் ஒரு பள்ளியையோ கல்லூரியையோ மூடலாமா என்று முடிவு செய்ய உட்காருகிறவர்கள், அந்த ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. 1855-இல் வட்டுக்கோட்டையில் அப்படித்தான் முடிவு செய்தார்கள். அவர்கள் பார்த்த கணக்கில் தொல்காப்பியப் பதிப்புக்கு இடமே இல்லை.