பிலிமும் ஒரு தோல்தான்

நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்துத் தரிசுகளில் தானாக முளைக்கும் ஆவாரைக்கும், ஸ்டூடியோ இருட்டறையில் இருந்த டெவலப்பர் பாட்டிலுக்கும் உறவுண்டு. தோல் பதனிடுவதும் பிலிம் கழுவுவதும் பாதிக்குப் பாதி ஒரே வேலை. பச்சைத்தோல் என்பது கொலாஜன் என்னும் புரதம். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சினால் அதே புரதம் ஜெலட்டினாக வரும். வெள்ளி உப்பை பிலிமில் பிடித்து வைத்திருப்பது அந்த ஜெலட்டின் படலம். தோல் அழுகும், ஜெலட்டின் இளகும். இரண்டையும் காப்பாற்ற, புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்க வேண்டும். ஆவாரம்பட்டையின் துவர்ப்பு செய்வது அதைத்தான். அதில் ஊறி, கடுக்காய்ச் சாற்றில் முடிந்த தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே மதராஸிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

கடுக்காய்த் துவர்ப்பை உடைத்தால் காலிக் அமிலம். 1841இல் புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் காகிதத்தில் படத்தை வெளிக்கொணர்ந்தது அதைக் கொண்டுதான். அதைச் சூடாக்கினால் பைரோகலால். விசித்திரம் இங்கேதான். ஒளிபட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும்போது பைரோகலால் தானும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, பக்கத்திலிருக்கும் ஜெலட்டினைப் பழுப்பாக்கி இறுக்கியும் விடுகிறது. வெள்ளி கூடிய இடத்தில் இறுக்கமும் கூடும். வெந்நீரில் அலசினால் இறுகாத ஜெலட்டின் கரைந்தோடி, படம் மேடுபள்ளமாக நிற்கும். டெவலப்பரின் வேலை வெள்ளியைக் கறுப்பாக்குவது, இறுக்கம் வெறும் பக்கவிளைவு என்று வேதியியல் ஆசிரியர் யாராவது மறுக்கலாம். ஆனால் டெக்னிகலர் நிறுவனம் அந்த மேடுகளில் சாயம் ஏற்றி, வேறு பிலிமில் ஒற்றியே வண்ணப்படம் காட்டியது. தொழிலே அதன்மேல் நடந்தபோது அதைப் பக்கவிளைவு என்று ஒதுக்க முடியாது.

கோடையில் நம் ஊர்த் தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கே ஜெலட்டின் வழுவழுத்துக் கழன்றுவிடும். அதனால் வெப்ப நாடுகளில் பிலிமைக் குரோம் படிகாரக் கரைசலில் முக்கினார்கள். கத்தரிப்பூவைவிடக் கறுத்த ஊதாப் படிகம் அது. சவரக் கீறலில் தடவும் படிகாரத்தின் ஒன்றுவிட்ட தம்பி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலை இறுக்குவதும் குரோமிய உப்புதான். பட்டையில் வாரக்கணக்கில் ஆவது இதில் ஓரிரு நாளில் முடிகிறது.

குரோமியம் விஷமாயிற்றே என்பார்கள். எந்தக் குரோமியம் என்று கேட்க வேண்டும். படிகாரத்திலும் தோலிலும் இருப்பது மூன்று இணைதிறன் கொண்டது; தீங்கு குறைவு. புற்றுநோய் தருவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமேட், டைகுரோமேட் வகை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது அந்த வகையால். சரி, ஆவாரைக்கே திரும்பிவிடலாமே? பட்டை ஊறிய கறுப்புத் தண்ணீரும் ஓடையில் விட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகள் பற்றிய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தொழிலை ஒட்டுமொத்தமாக நிறுத்தச் சொல்லவில்லை. சுத்திகரிக்கச் சொன்னது, கெடுத்தவர் ஈடு தர வேண்டும் என்றது.

ஸ்டூடியோக்களிலும் கழிவு உண்டு. படத்தை நிலைநிறுத்தித் தீர்ந்த ஹைப்போக் கரைசலைக் காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் இருந்தது, அதில் வெள்ளி இருந்ததால். மற்றதெல்லாம் சாக்கடைக்குப் போனது. மூடிய ஸ்டூடியோவின் பரணிலோ பள்ளி ஆய்வகத்து அலமாரியிலோ ஆரஞ்சு நிற டைகுரோமேட் பாட்டில் இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், கண்மாயில் கொட்டிவிடாதீர்கள்.