திர்ஹாம் ஏறும்வரை காத்திருக்கலாமா?

சேலையூர் பக்கம் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார். ரேட் ஏறட்டும், அப்புறம் அனுப்புறேன்னு சொல்றார். காத்திருக்கலாமா மேடம்?"

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 1997 முதல் ஒரு டாலருக்குச் சுமார் 3.67 திர்ஹாம் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். அதனால் டாலர் ஏறினால்தான் திர்ஹாம் ஏறும். டாலர் ஏறி வந்திருப்பது உண்மைதான். 1966 ஜூனில் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. 1991 ஜூலையில் இரண்டு தடவை குறைத்தார்கள். 21 ரூபாய் டாலர் 25-ஐத் தாண்டியது. 2013 ஆகஸ்டில் 68 வரை போனது. ஆனால் இரண்டே மாதத்தில் 62 பக்கம் இறங்கிவிட்டதே! அந்த ஆகஸ்டில் இன்னும் ஏறும் என்று காத்திருந்தவர்களுக்கு நஷ்டம்தான்.

அக்கா வீட்டில் மூணு வட்டிக் கடன் இருக்கிறது. திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,000 திர்ஹாமுக்கு 24,000 ரூபாய். ஒரு மாதம் காத்திருந்து 50 பைசா ஏறினால் கூடுதலாக வருவது 500 ரூபாய். அந்த 24,000 கடனை அடைக்காமல் விட்டால் ஒரு மாத வட்டி மட்டும் 720 ரூபாய்!

அனுப்பும்போது ரேட்டை மட்டும் கேட்கக் கூடாது. சார்ஜ் போக ஊரில் கைக்கு எவ்வளவு வரும் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்கச் சொல்லுங்கள். அக்கா அன்று ராத்திரியே போன் போட்டுவிட்டார்.