ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால்

நெய்வேலியில் ஐப்பசி மழை விட்டிருந்த காலை. டீக்கடை பெஞ்சில் பக்கத்து குவார்ட்டர்ஸ் அண்ணன் பெரிய உறையிலிருந்து எக்ஸ்ரே ஃபிலிமை உருவி வானத்துக்கு நேரே பிடித்தார். முந்தாநாள் கொல்லைப்புறப் படியில் பாசி வழுக்கி அண்ணி விழுந்துவிட்டார். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது.

"கோடு மாதிரிதான் தெரியுது தம்பி. இதுக்குப் போய் பிளேட்டு வெக்கணும்ங்கறாங்க. போன வருஷம் என் மச்சானுக்கும் இதே எலும்புதான். மாவுக்கட்டு போட்டு ஆறு வாரத்துல எழுந்து நடந்துட்டான்."

நியாயமான கேள்வி. ஒரே எலும்பு, ஒரே மாதிரிக் கோடு. ஒருவருக்கு மாவுக்கட்டு, இன்னொருவருக்குக் கத்தி. ஏன்? டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, இன்னொரு டீ சொல்லிக்கொள்வோம்.

முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள். உள்பக்கம் இருக்கும் தடியன் டிபியா, வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லி ஃபிபுலா. கணுக்காலின் இருபுறமும் கைக்குத் தட்டுப்படும் மொளிகள் இவற்றின் கீழ்நுனிகள்தான். 'ப' என்ற எழுத்தைக் கவிழ்த்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து அப்படித்தான் நிற்கின்றன. அந்தக் கவிழ்ந்த பகரத்துக்குள் டேலஸ் என்றொரு எலும்பு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. பாதத்தைத் தூக்கி இறக்கும்போது அது முன்னும் பின்னும் உருளும். பக்கவாட்டில் நகர இடமில்லை. நடக்கும்போது உடம்பின் மொத்தப் பாரமும் இந்தச் சின்ன மேடை வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது.

எலும்புகள் மட்டும் இருந்தால் இந்த அமைப்பு நிற்காது. உள்மொளியிலிருந்து விசிறி மாதிரி விரிந்து பாதத்தைப் பிடித்திருப்பது டெல்டாய்டு ஜவ்வு. டிபியாவையும் ஃபிபுலாவையும் கணுக்காலுக்குச் சற்று மேலே சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வுகளின் தொகுப்புக்கு சின்டெஸ்மோசிஸ் என்று பெயர். பந்தல் போடுகிறவர்கள் இரண்டு மூங்கிலைச் சேர்த்துச் சுற்றும் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சிக்கல்: எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. அண்ணன் வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது பாதிக் கதையைத்தான்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். உடைந்த எலும்பை ஒட்டவைக்கத்தான் ஆபரேஷன் என்று நினைக்கிறோம். இல்லை. எலும்பை ஒட்டவைப்பது உடம்பு. மாவுக்கட்டிலும் ஒட்டும், நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் பெரும்பாலும் ஒட்டத்தான் செய்யும். பிளேட்டில் பசை எதுவும் கிடையாது. கேள்வியே வேறு: எந்த நிலையில் ஒட்டுகிறது, ஒட்டி முடிகிறவரை டேலஸ் தன் இடத்தில் இருக்குமா என்பதுதான். ஃபிபுலா கொஞ்சம் குட்டையாகவோ திரும்பியோ ஒட்டிக்கொண்டாலும் எலும்பைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் பகரத்தின் வாய் அகன்றுபோயிருக்கும், டேலஸ் உள்ளே ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். 'எலும்பு கூடிடுச்சு, ஆனா கால் சரியில்லை' என்று பத்து வருஷம் கழித்துச் சொல்கிறவர்களில் பலருடைய கதை இது.

அண்ணன் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருந்து ரிட்டையரானவர். மேல்மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து ஓடும் பெல்ட்டுகளோடு வாழ்ந்தவர். "பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்கி ஓடினா என்ன ஆகும்ணே?" என்று கேட்டேன்.

"ஓரம் பிஞ்சு நாரு நாரா வந்துரும். ஒடனே தெரியாது. ஓடிக்கிட்டேதான் இருக்கும். பாத்தா ஒருநாள் மொத்தமா போயிருக்கும்."

கணுக்காலிலும் இதேதான். டேலஸின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. 1976-ல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் இறந்தவர்களின் கால்களில் டேலஸை வெளிப்பக்கமாக 1 மில்லிமீட்டர் நகர்த்திப் பார்த்தார்கள். மூட்டில் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்தது. அதே பாரம், பாதியை விடக் கொஞ்சமே கூடுதலான இடத்தில். தேயாமல் என்ன செய்யும்? பின்னால் வந்த ஆய்வுகள் ஒரு திருத்தம் சொல்லின: ஃபிபுலா உடைந்தாலும், உள்பக்க டெல்டாய்டு ஜவ்வு அறுபடாதவரை டேலஸ் பெரிதாக நகர்வதில்லை. மச்சான் மாவுக்கட்டோடு தப்பித்தது அநேகமாக இதனால்தான்.

சரி, தெரியாத ஜவ்வை எப்படிச் சோதிப்பது? டாக்டர்கள் மூட்டைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கிறார்கள். அடிபட்ட பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, பாதத்தை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு ஒரு எக்ஸ்ரே. பாதத்தின் எடையே அதைக் கீழே இழுக்கும். முடிந்தவர்களை நிற்கவைத்தும் எடுப்பதுண்டு. உள்மொளிக்கும் டேலஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 4, 5 மில்லிமீட்டரைத் தாண்டி விரிந்தால் மூட்டு நிலையில்லை என்று சந்தேகப்படுவார்கள். சாதாரணமாக எடுத்த படத்தில் சமர்த்தாகத் தெரிந்த கால், இந்தப் படத்தில் குட்டை உடைத்துவிடும்.

ஆபரேஷனில் முதல் வேலை ஃபிபுலாவின் நீளத்தையும் திருப்பத்தையும் மீட்பது. மெல்லிய தகடும் சில ஸ்க்ரூக்களும் அதைப் பிடித்துக்கொள்ளும். உள்மொளி உடைந்திருந்தால் அங்கேயும் ஓரிரண்டு ஸ்க்ரூ. அதோடு தைத்துவிட மாட்டார்கள். ஃபிபுலாவில் ஒரு கொக்கியை மாட்டி வெளியே இழுத்து, அங்கேயே எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். இரண்டு எலும்பும் விலகினால் பந்தல்கயிறு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மூட்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே குறுக்காக ஒரு நீள ஸ்க்ரூ, அல்லது இருபுறமும் பொத்தான் வைத்த உறுதியான நூல். இந்தக் குறுக்கு ஸ்க்ரூ சில மாதம் கழித்துத் தளர்வதும் உடைவதும் உண்டு. எக்ஸ்ரேயில் அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் ஏராளம். ஜவ்வு ஆறிய பிறகு உடைந்தால் பெரும்பாலும் கெடுதலில்லை.

பிளேட் வைத்தாயிற்றே, மறுநாளே நடக்கலாமா என்றால், வழக்கமாக ஆறு வாரம் காலை ஊன்ற விட மாட்டார்கள். 2024-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், இரண்டு வாரத்திலேயே ஊன்றத் தொடங்கியவர்களின் கால் ஆறு வாரம் காத்திருந்தவர்களுடையதைவிட மோசமாகவில்லை. இனி பழக்கம் மாறக்கூடும். ஆனால் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவர்களுக்கு வலி என்ற காவல்காரன் இல்லை, காத்திருப்பும் நீளும்.

"அவ்வளவு முக்கியம்னா இன்னிக்கே செய்ய வேண்டியதுதான? வீக்கம் வத்தட்டும்னு அனுப்பிட்டாங்களே," என்றார் அண்ணன், ஃபிலிமை உறைக்குள் தள்ளியபடி.

மூட்டு பிசகியிருந்தால் உடனே இழுத்து இடத்தில் வைத்தாக வேண்டும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் அன்றே ஆபரேஷன். அண்ணிக்கு இரண்டும் இல்லை. வீங்கி விறைத்த தோலை வெட்டினால் தையல் போட்ட இடம் சரியாகச் சேராமல் போகலாம், சீழும் பிடிக்கலாம். காலை உயர்த்தி வைத்து, ஒரு வாரமோ பத்து நாளோ பொறுத்தால் தோல் தளர்ந்து, மெல்லிய சுருக்கங்கள் விழும். சர்ஜன்கள் காத்திருப்பது அந்தச் சுருக்கத்துக்காகத்தான்.

அண்ணன் டீயின் கடைசி மிடறைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"காலுக்குக் கீழ ரெண்டு தலகாணி பத்துமா தம்பி?"

"நெஞ்சு மட்டத்துக்கு மேல கால் இருக்கணும்ணே. எத்தன வெச்சா வருதோ அத்தன."